எல்லைகளும் வகுப்பறைகளும்: ஓக் பார்க் - ரிவர் ஃபாரஸ்ட் உயர்நிலைப் பள்ளியின் வரலாறும் மாணவர் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகரின் மேற்கு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஓக் பார்க் - ரிவர் ஃபாரஸ்ட் உயர்நிலைப் பள்ளி, 1871ஆம் ஆண்டில் தோன்றிய பொதுப்பள்ளியாகும். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே பயின்ற பள்ளி என்ற அளவிலேயே இது பரவலாக அறியப்பட்டுள்ளது. ஆயினும் புறநகர்ப் பொதுக்கல்வி யாருக்குரியது என்ற வினாவை ஒன்றரை நூற்றாண்டாக எதிர்கொண்டு வந்துள்ளது என்பதே இதன் முதன்மையான வரலாற்றுச் சிறப்பு. பள்ளிக்குள் யார் நுழையலாம் என்பதை முடிவு செய்யும் புற எல்லை, நுழைந்தவர் எந்த வகுப்பில் அமரலாம் என்பதை முடிவு செய்யும் அக எல்லை ஆகிய இரண்டின் அடிப்படையில் இப்பள்ளியின் வரலாற்றையும் மாணவர் வாழ்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறநகர், பொதுப்பள்ளி, பள்ளி மாவட்டம், குடியிருப்பு உரிமை, பாடநிலைப் பிரிப்பு, மாணவர் இதழியல், நிகழ்த்து கவிதை.

முன்னுரை

கல்வி வரலாறு பெரும்பாலும் சட்டங்கள், குழு அறிக்கைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு தனிப்பள்ளியின் வரலாறு ஆண்டு மலருக்குரிய செய்தியாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுவதும் உண்டு. ஆனால் ஒரு சட்டம் நடைமுறையில் என்னவாயிற்று என்பதை அறியப் பள்ளி வளாகமே பொருத்தமான இடம். அமெரிக்கப் பொதுக்கல்வியின் கோட்பாடு, அனைவருக்கும் கட்டணமில்லாக் கல்வி என்பதாகும். அக்கோட்பாடு ஒரு புறநகரில் எவ்வாறு நிறைவேறியது, எங்கே தடைபட்டது என்பதை ஓக் பார்க் - ரிவர் ஃபாரஸ்ட் பள்ளியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சொற்பொருள் வரையறை

இக்கட்டுரையில் இடம்பெறும் மூன்று சொற்களுக்கு விளக்கம் தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்பது கட்டணம் பெறும் தனியார் பள்ளியைக் குறிக்கும். அமெரிக்காவில் அதே சொல் மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் கட்டணமில்லாப் பள்ளியைக் குறிக்கும். இக்கட்டுரையில் 'பொதுப்பள்ளி' என்பது இப்பிற்பொருளிலேயே ஆளப்படுகிறது. அடுத்து, 'உயர்நிலைப் பள்ளி' என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்காண்டுப் படிப்பை வழங்குவது. தமிழகத்தின் மேல்நிலைப் பள்ளியோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். மூன்றாவதாக, 'பள்ளி மாவட்டம்' என்பது வருவாய் மாவட்டத்தினின்று வேறானது. வரி விதிக்கவும் ஆசிரியரை நியமிக்கவும் பாடத்திட்டத்தை அமைக்கவும் அதிகாரம் பெற்ற தனி உள்ளாட்சி அமைப்பு அது. அதன் குழு உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஓக் பார்க்கின் தொடக்கப் பள்ளிகள் 97ஆம் எண் மாவட்டத்தையும், ரிவர் ஃபாரஸ்ட்டின் தொடக்கப் பள்ளிகள் 90ஆம் எண் மாவட்டத்தையும் சார்ந்தவை. இரு ஊர்களுக்கும் பொதுவான இவ்வுயர்நிலைப் பள்ளி 200ஆம் எண் மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்தின் ஒரே பள்ளியும் இதுவே.

பள்ளியின் தோற்றமும் எல்லை வரையறையும்

பள்ளி தோன்றிய 1871ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில்தான் சிகாகோவின் பெருந்தீ நிகழ்ந்தது. தீக்குப் பின்னர் நகரை விட்டு வெளியேறி, இருப்புப்பாதை வசதியுள்ள ஊர்களில் குடியேறியோரால் ஓக் பார்க் வளர்ந்தது. அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவது சட்டப்படி செல்லுமா என்பதே தீராத வழக்காக இருந்தது. 1874இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் கலமாசூ வழக்கில் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பிற மாநிலங்களும் பின்பற்றிய இத்தீர்ப்பு, பொது உயர்நிலைப் பள்ளி நாடெங்கும் பரவ வழிவகுத்தது. எனினும் 1900ஆம் ஆண்டளவில்கூட, 14 முதல் 17 வயதுக்குட்பட்ட அமெரிக்கரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே உயர்நிலைப் பள்ளியில் பயின்றனர். 1940இல் இது பத்தில் எழுவர் என உயர்ந்தது. எனவே ஓக் பார்க் பள்ளியின் முதல் தலைமுறை மாணவர்கள், பொதுப்பள்ளியில் பயின்ற போதிலும் சிறுபான்மையினராகவே இருந்தனர்.

பள்ளியின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்த நிகழ்வு ஒன்று பள்ளிக்கு வெளியே நடந்தது. ஓக் பார்க்கும் அதன் கிழக்கே உள்ள ஆஸ்டினும் அப்போது சிசரோ ஊராட்சிக்கு உட்பட்டிருந்தன. 1899இல் ஆஸ்டின் பகுதியைச் சிகாகோவுடன் இணைப்பதற்குச் சிசரோ ஊராட்சி வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். ஆஸ்டின் மக்கள் அதனை எதிர்த்த போதிலும் இணைப்பு நிறைவேறியது. ஓக் பார்க் 1902இல் தனிச் சிற்றூராட்சியாக அமைந்தது. இதன் விளைவாக ஆஸ்டின் பெருஞ்சாலை இரு உள்ளாட்சிகளுக்கு இடையிலான எல்லையாயிற்று. சாலையின் கிழக்கே பிறந்த குழந்தை சிகாகோ பள்ளிக்கும், மேற்கே பிறந்த குழந்தை ஓக் பார்க் பள்ளிக்கும் செல்ல வேண்டியதாயிற்று. அன்று அது வெறும் நிருவாக ஏற்பாடாகவே தோன்றியது. அதன் முழுப்பொருள் விளங்க எழுபது ஆண்டுகள் ஆயின.

சொத்துவரியும் பள்ளியின் வளமும்

இல்லினாய் மாநிலப் பள்ளிகளின் வருவாயில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து கிடைப்பதாகும். வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் பள்ளியின் வருவாயும் உயரும். நல்ல பள்ளி உள்ள ஊரில் வீட்டு மதிப்பும் உயரும். இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியே அமெரிக்கப் புறநகர்ப் பள்ளியின் பொருளியல் அடித்தளம். ஸ்கோவில் தெருவில் 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பின்னர்ப் பகுதி பகுதியாக விரிவடைந்த இப்பள்ளியின் கட்டடம் அச்சுழற்சியின் கண்கூடான விளைவாகும்.

இந்த அமைப்பை மாற்றுமாறு கோரிய வழக்குகள் 1970களில் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. சொத்துவரியைச் சார்ந்த பள்ளி நிதியில் காணப்படும் ஏற்றத்தாழ்வு கூட்டாட்சி அரசமைப்புக்கு முரணானதன்று என 1973இல் சான் அன்டோனியோ வழக்கில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரப் பள்ளிகளில் நிலவும் இனப்பிரிவினையைப் போக்கும் திட்டத்தில், அப்பிரிவினைக்குக் காரணமாகாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களைக் கட்டாயமாகச் சேர்க்க இயலாது என 1974இல் டெட்ராயிட் நகரம் தொடர்பான மில்லிகன் வழக்கில் கூறியது. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற 1954ஆம் ஆண்டுப் பிரவுன் தீர்ப்பின் வீச்சு, இவ்வாறு நடைமுறையில் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோட்டில் நின்றுவிட்டது. இனி அக்கோட்டைக் கடக்க ஒரு கறுப்பினக் குடும்பத்திற்கு எஞ்சியிருந்த முதன்மையான வழி, கோட்டின் மறுபுறத்தில் வீடு பெறுவதேயாகும். எனவே இப்பள்ளியின் வரலாற்றைக் குடியிருப்பு உரிமையின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்க இயலாது.

தொடக்ககால மாணவர் வாழ்வு

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் இப்பள்ளியின் மாணவர் வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதற்கு ஹெமிங்வேயின் பள்ளிக்காலம் நல்ல சான்று. 1899இல் ஓக் பார்க்கில் பிறந்த அவர், தம் தமக்கை மார்செலினுடன் ஒரே வகுப்பில் பயின்று 1917 ஜூனில் பள்ளிப் படிப்பை முடித்தார். இலத்தீனும் ஆங்கிலச் செவ்வியல் இலக்கியமும் அன்றைய பாடத்திட்டத்தில் சிறப்பிடம் பெற்றிருந்தன. வகுப்பறைக்கு வெளியே, அவர் பள்ளி இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். கால்பந்து அணியில் ஆடினார். 'டிரபீஸ்' என்ற மாணவர் செய்தித்தாளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட செய்திகளையும் நகைச்சுவைக் கட்டுரைகளையும் எழுதினார். 'டாபுலா' என்ற இலக்கிய இதழில் 1916ஆம் ஆண்டில் அவருடைய மூன்று சிறுகதைகள் வெளிவந்தன. பள்ளியை முடித்த அவர் கல்லூரிக்குச் செல்லாமல், அதே ஆண்டு அக்டோபரில் 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழில் செய்தியாளராகச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த முதல் எழுத்துப் பயிற்சிக்கூடம் இப்பொதுப்பள்ளியும் அதன் இதழ்களுமே என்பது இதனால் பெறப்படும். இப்பள்ளிக்கால எழுத்துகளை மாத்யூ புரூக்கோலி 1971இல் தொகுத்து வெளியிட்டார்.

மாணவர் இதழ்களைப் போலவே விளையாட்டும் பள்ளியின் பெயரை வெளியே கொண்டு சென்றது. 1910 முதல் 1912 வரை ராபர்ட் சப்கி இங்கு அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அவர் பயிற்றிய அணி பிற மாநிலங்களுக்கும் சென்று ஆடி வென்றது. 1913இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அவர் 1941 வரை அங்குப் பணியாற்றினார். விளையாட்டுக்கு மாணவரிடையே இருந்த இம்மதிப்பு ஓக் பார்க்கிற்கு மட்டும் உரியதன்று. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட 'வளரிளம் சமுதாயம்' என்னும் பொருளுடைய நூலில், மாணவர் தமக்குள் அளிக்கும் மதிப்பு படிப்பைவிட விளையாட்டையும் தோழமைச் செல்வாக்கையுமே சார்ந்துள்ளது எனக் காட்டினார். பள்ளிக்குள் ஆசிரியர் வகுத்த படிநிலை ஒன்றும் மாணவர் வகுத்த படிநிலை ஒன்றும் ஆக இரண்டு இயங்குகின்றன என்ற அவருடைய கருத்து, பிற்கால ஓக் பார்க்கைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

குடியிருப்பு உரிமையும் புற எல்லையின் திறப்பும்

ஹெமிங்வே காலத்து ஓக் பார்க் பெரிதும் வெள்ளையரின் ஊராகவே இருந்தது. 1950இல் பெர்சி ஜூலியன் இங்கு வீடு வாங்கினார். கண்ணழுத்த நோய்க்கு மருந்தான ஃபைசோஸ்டிக்மினை 1935இல் செயற்கை முறையில் உருவாக்கியவரும், சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டவருமான புகழ்பெற்ற கறுப்பின வேதியியலாளர் அவர். குடும்பம் குடியேறுமுன், 1950 நவம்பரில் நன்றி நவிலல் நாளன்று அவ்வீட்டுக்குத் தீவைக்க முயற்சி நடந்தது. 1951 ஜூனில் வெடிகுண்டு வீசப்பட்டது. ஜூலியன் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறவில்லை. ஊர் மக்களில் ஒரு பகுதியினர் அவருக்கு ஆதரவாகத் திரண்டனர். பின்னாளில் ஓக் பார்க்கின் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1960களில் ஆஸ்டின் பகுதியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. கறுப்பினத்தவர் குடியேறுகின்றனர், இனி வீட்டு விலை வீழ்ந்துவிடும் என வெள்ளையரை அச்சுறுத்தி, அவர்தம் வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, வேறு இடங்களில் வீடு மறுக்கப்பட்ட கறுப்பினத்தவருக்குக் கூடிய விலைக்கு விற்பதை வீட்டுத் தரகர்கள் பலர் தொழிலாகக் கொண்டிருந்தனர். 1960இல் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர் வாழ்ந்த ஆஸ்டினில், 1980இல் மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் கறுப்பினத்தவராயினர். இம்மாற்றம் ஆஸ்டின் பெருஞ்சாலையைக் கடந்து மேற்கே வருமா என்ற அச்சம் ஓக் பார்க்கில் பரவியது.

இச்சூழலில் ஓக் பார்க் மேற்கொண்ட முடிவு பிற புறநகர்கள் பலவற்றின் முடிவிலிருந்து வேறுபட்டது. கூட்டாட்சி அரசின் நியாயக் குடியிருப்புச் சட்டம் 1968 ஏப்ரலில் நிறைவேறியது. அடுத்த மாதமே, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் உள்ளூர்ச் சட்டத்தை ஓக் பார்க் இயற்றியது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் ஓக் பார்க் குடியிருப்பு மையத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தவர் ஒரு பகுதியிலேயே குவியாமலும், வெள்ளையர் ஊரைக் கைவிடாமலும் இருக்கும் வகையில் வீடு தேடுவோருக்கு வழிகாட்டுவது அதன் பணி. 1973இல் ஊராட்சி மன்றம் பன்மையைப் பேணுவதைத் தன் கொள்கையாக அறிவித்தது. இவற்றின் பயனாக, 1970இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ஓக் பார்க்கின் கறுப்பின மக்கள்தொகை, 2010ஆம் ஆண்டளவில் ஐந்தில் ஒரு பங்கை எட்டியது. ஆஸ்டினில் நிகழ்ந்தவாறு ஒரு சாரார் வெளியேறி மறு சாரார் குடியேறும் மாற்றமாக இது அமையவில்லை. இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே உயர்நிலைப் பள்ளியின் வாயிலில் நுழைந்தனர்.

இம்முயற்சியில் ஒரு முரண்பாடு உள்ளதையும் குறிப்பிட வேண்டும். கலப்பைப் பேணுவதற்காகக் குடியேற்றத்திற்கு வழிகாட்டும்போது, எந்த இனத்தவர் எப்பகுதியில் குடியேறுவது நன்று என்ற கணக்கும் உள்ளே வந்துவிடுகிறது. மேலும் திறந்தது வீட்டுச் சந்தையே தவிர எல்லைக்கோடு அன்று. வீடு வாங்கவோ வாடகை செலுத்தவோ இயலாத ஆஸ்டின் குடும்பத்திற்குப் பெருஞ்சாலை முன்போலவே எல்லையாக நீடித்தது.

ஒரே கட்டடம், இரு பாதைகள்

புற எல்லை ஓரளவு திறந்த பின்னர் அக எல்லை வெளிப்பட்டது. மாணவரின் முந்தைய மதிப்பெண், தேர்வு, ஆசிரியர் பரிந்துரை ஆகியவற்றின் அடிப்படையில் ஒரே பாடத்தை வெவ்வேறு நிலைகளில் கற்பிக்கும் பாடநிலைப் பிரிப்பு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நீண்டகால வழக்கம். இப்பள்ளியிலும் கல்லூரி ஆயத்தநிலை, சிறப்புநிலை, கல்லூரிக்கு இணையான மேம்பட்ட நிலை என வகுப்புகள் பிரிந்திருந்தன. ஒரு மாணவரின் திறனுக்கேற்பக் கற்பிப்பதே இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் கீழ்நிலை வகுப்புகளில் பாடப்பொருளும் எதிர்பார்ப்பும் குறைவாக இருப்பதையும், அவ்வகுப்புகளில் ஏழைகளும் சிறுபான்மையினரும் மிகுந்திருப்பதையும் ஜீனி ஓக்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

ஓக் பார்க் பள்ளியில் சிறப்புநிலை வகுப்புகளில் வெள்ளை மாணவரும், கீழ்நிலை வகுப்புகளில் கறுப்பின மாணவரும் மிகுந்து காணப்பட்டனர். ஒரே வாயிலில் நுழைந்து ஒரே உணவுக்கூடத்தில் உண்ட மாணவர்கள் மணியடித்ததும் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்தனர். ஒன்பதாம் வகுப்பில் ஒருவர் பெற்ற பாடநிலை அடுத்த மூன்றாண்டுகளின் வகுப்புகளையும், அவற்றின் வழியே கல்லூரி வாய்ப்பையும் பெரிதும் வரையறுத்தது. பதினான்கு வயதில் எடுக்கப்படும் இம்முடிவே புறநகர்ப் பள்ளியின் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடாகும்.

இந்நிலையைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டு வந்தது ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய 'அமெரிக்கா டு மீ' என்ற பத்துப் பகுதி ஆவணத் தொடர். ஓக் பார்க்கில் வாழ்பவரும் தம் பிள்ளைகளை இப்பள்ளியில் படிக்க வைத்தவருமான அவர், 2015-16 கல்வியாண்டு முழுவதும் இங்குப் படமெடுத்தார். தொடர் 2018இல் ஒளிபரப்பாயிற்று. வளமும் நல்லெண்ணமும் மிக்க ஒரு பள்ளியிலும் கறுப்பின மாணவரின் அன்றாட அனுபவம் வேறாக இருப்பதை அது மாணவர், பெற்றோர், ஆசிரியர் வாய்மொழியாகவே பதிவு செய்தது. 2022ஆம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலம், வரலாறு, அறிவியல் முதலிய பாடங்களில் நிலைப்பிரிப்பைக் கைவிட்டு, அனைவருக்கும் சிறப்புநிலைப் பாடத்தையே வழங்கும் முறையைப் பள்ளி நடைமுறைப்படுத்தியது. உயர்திறன் மாணவரின் வேகம் குறையும் என்ற எதிர்ப்பும், நீண்டகால அநீதி களையப்படுகிறது என்ற வரவேற்பும் ஒருங்கே எழுந்தன.

மேடையும் எழுத்தும்

வகுப்பறையின் பிரிவைத் தாண்டி மாணவர் ஒன்றுகூடிய களங்களுள் நிகழ்த்து கவிதை குறிப்பிடத்தக்கது. ஏட்டில் படிப்பதற்காக மட்டுமன்றி, மேடையில் நின்று உரத்துச் சொல்வதற்காகவே இயற்றப்படும் கவிதை இது. ஆசிரியர் பீட்டர் கான் இப்பள்ளியில் தொடங்கி வளர்த்த நிகழ்த்து கவிதைத் திட்டம் இருபதாண்டுகளைக் கடந்தது. அதன் மாணவர், முன்னாள் மாணவர் கவிதைகளின் தொகுப்பு 2022இல் 'ரெஸ்பெக்ட் தி மைக்' என்ற பெயரில் நூலாக வெளிவந்தது. சிகாகோவின் கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸைப் போற்றும் வகையில் 2017இல் வெளியான 'கோல்டன் ஷவல்' கவிதைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரும் கான் ஆவார். முன்னோர் கவிதை ஒன்றின் அடியிலுள்ள சொற்களை வரிசை மாறாமல் எடுத்து, புதிய கவிதையின் ஒவ்வோர் அடிக்கும் இறுதிச் சொல்லாக வைப்பது இவ்வகைக் கவிதையின் இலக்கணம். டெரன்ஸ் ஹேய்ஸ் உருவாக்கியது இது. ஓர் அடியின் இறுதி அடுத்த அடியின் முதலாக வரும் அந்தாதியில் பயின்றோர்க்கு, கட்டுப்பாடே படைப்புக்குத் துணையாகும் இம்முறை அயன்மையாகத் தோன்றாது.

1916இன் 'டாபுலா' இதழையும் 2022இன் கவிதைத் தொகுப்பையும் ஒப்பிடுவது பயனுடையது. இரண்டும் ஒரே பொதுப்பள்ளியின் மாணவர் ஆக்கங்கள். முன்னதில் எழுதியோர் பெரும்பாலும் ஒரே சமூகத்தினர். பின்னதில் இனம், குடும்பம், அச்சம், அடையாளம் ஆகியவை பற்றிப் பல சமூக மாணவரும் தம் குரலில் பேசுகின்றனர். மாணவர் எழுத்தின் உரிமைக்குச் சட்டமும் ஓரளவு துணைநின்றது. பள்ளி இதழ்களைத் தணிக்கை செய்யும் விரிவான அதிகாரத்தை 1988இல் ஹேசல்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளி நிருவாகங்களுக்கு வழங்கியது. இல்லினாய் மாநிலம் 2016இல் மாணவ இதழாளரின் உரிமையைக் காக்கும் சட்டத்தை இயற்றி அவ்வதிகாரத்தைக் குறைத்தது.

முடிவுரை

ஓக் பார்க் - ரிவர் ஃபாரஸ்ட் பள்ளியின் வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பொதுப்பள்ளியின் 'பொது' என்னும் அடை அதன் எல்லைக்கோட்டுக்கு உட்பட்டே பொருள் தருகிறது. 1899இல் ஊராட்சி வாக்கெடுப்பு ஒன்றால் அமைந்த கோடு, பின்வந்த தலைமுறைகளின் கல்வி வாய்ப்பைப் பிரித்தது. இரண்டாவதாக, நீதிமன்றத் தீர்ப்புகள் நின்றுவிட்ட இடத்தில் உள்ளூர் மக்களின் முயற்சியால் மேலும் சிறிது தூரம் செல்ல முடிந்தது. 1968ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் பள்ளிச் சட்டமன்று. ஆயினும் பள்ளியின் மாணவர் சேர்க்கையை அதுவே மாற்றியது. மூன்றாவதாக, சேர்க்கையில் கிடைத்த சமத்துவம் தானாகவே வகுப்பறைச் சமத்துவம் ஆகிவிடவில்லை. ஊரின் எல்லை திறந்ததற்கும் ஒன்பதாம் வகுப்பின் நிலைப்பிரிப்பு நீங்கியதற்கும் இடையே ஐம்பதாண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன.

புதிய பாடமுறையில் ஒன்பதாம் வகுப்பை முடித்த மாணவர், அடுத்த ஆண்டு முதல் தமக்குரிய பாடநிலையைத் தாமே தேர்ந்தெடுக்கின்றனர். அத்தேர்வுகளில் பழைய பிரிவு மீண்டும் தோன்றுகிறதா, மறைகிறதா என்பதைக் கொண்டே 2022ஆம் ஆண்டின் மாற்றத்தை மதிப்பிட வேண்டும். மாணவர் தேர்வுகளோடு அவர்தம் இதழ்களையும் கவிதைகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு அம்மதிப்பீட்டைச் செய்வது மேலாய்வுக்குரிய களமாகும்.